அக்கா லீவு

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் மில்லில் அவள் வாங்கிய பேரே போதும். அவள் திருப்பூருக்குப் போய் ரெண்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் யாராவது அவள் பேச்சை எடுத்தால் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்ட நான் அவளைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்று கேட்டால், எரிச்சலை உள்ளேயே வைத்திருந்தால் வயிற்றுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தக் காரணமே இருக்கட்டும்.

கோவில்பட்டிக்கு வெளியே பைபாஸை ஒட்டி இருக்கிற ஒரு நூற்பாலையில் நான் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். யார் எந்த ஷிப்ட் வந்தார்கள், யாருக்குப் பிடித்தம், யாருக்கு வருகை போனஸ் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, மாசக் கடைசியில் சம்பளம் போட்டு அனுப்புவது என் பொறுப்பு. அவள் எனக்கு ரொம்பப் பின்னால் வந்தவள், வயதிலும் இளையவள். வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸ் ஜன்னல் அவளுக்கு. அவள் மேஜைக்கும் என் மேஜைக்கும் நடுவில் ஒரு இரும்பு பீரோ மட்டும்தான் இருந்தது. அவள் வாயிலிருந்து வருகிற ஒரு சொல்கூட எனக்குத் தப்பாது.

வந்த முதல் நாள் மத்தியானம். நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மிதுக்கங்காயைக் காயவைத்து வறுத்த வத்தல். பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"மிதுக்க வத்தலா மேடம்? ரெண்டு தாங்களேன். தின்னு எவ்வளவு நாளாச்சு."

அதுவரைக்கும் நாங்கள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. நான் திகைத்துப்போய் டப்பாவை நீட்டினேன். ரெண்டு என்று கேட்டவள் ரெண்டுதான் எடுத்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாவதை நானாக எடுத்து நீட்டியபோது, "வேண்டாம் மேடம், கேட்டது கெடைச்சிட்டுல்லா" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

இதுதான் அவள். வேண்டியதைக் கேட்டுவிடுவாள். கூச்சப்படவும் மாட்டாள், கெஞ்சவும் மாட்டாள், சுற்றி வளைக்கவும் மாட்டாள். எனக்கு ஆத்திரம் எங்கே வரும் என்றால், கேட்டதை ஜனங்கள் கொடுத்தும்விடுவார்கள்.

எங்கள் வீட்டில் கேட்பது என்றால் கேவலம். சித்தி வீட்டுக்குப் போனால் பசி காதை அடைத்தாலும் "சாப்பிட்டாச்சு" என்று சொல்லத்தான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். என் அப்பா மழையை நம்பி வெள்ளாமை செய்கிற மானாவாரிச் சம்சாரி. மழை வேண்டும் என்றால் புஞ்சை ஓரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பாரே ஒழிய வானத்திடம்கூட வாய் திறந்து கேட்டதில்லை. அந்த ரத்தம்தானே எனக்கும்.

மில் வண்டி ஒன்று காலையிலும் சாயந்திரமும் ஆட்களை ஏற்றி இறக்கும். அதன் டிரைவர் அண்ணாச்சி என்றால் மேனேஜரே கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவார். குறித்த இடத்தைத் தவிர ஓரடி முன்னே பின்னே நிறுத்த மாட்டார். இவள் இடைசெவல் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, எங்க ஊருக்குப் பிரியுற அந்த விலக்குல ஒரு நிமிஷம் நிப்பாட்டுதீங்களா? நடந்து போனா இருட்டிருது."

வண்டியே அடங்கிவிட்டது. அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "முன்னாலயே சொல்லப்படாதாம்மா" என்றபடி பிரேக்கை மிதித்தார். அன்றையிலிருந்து அந்த விலக்கு ஒரு நிறுத்தம் ஆகிவிட்டது. எந்தெந்த ஊர் ஆட்களோ அங்கே இறங்க ஆரம்பித்தார்கள். அந்த வண்டி தினமும் என் தெருமுனையைத் தாண்டித்தான் போகும். பத்து வருஷமாக நான் தாண்டிப் போய் இறங்கி, வெயிலிலும் மழையிலும் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தேன். அன்றைக்கும் அப்படியேதான் நடந்தேன், மனசுக்குள் அவளை வைதுகொண்டே.

ஒரு கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். பாயசம் ஒரு சுற்றோடு நின்றுவிட்டது. பரிமாறுகிறவனைக் கைதட்டிக் கூப்பிட்டு, "தம்பி, இன்னும் ஒரு கரண்டி" என்றாள். வந்தவன் சும்மா போகாமல் அந்தப் பந்தி முழுக்க ஊற்றிக்கொண்டு போனான். எனக்கும் விழுந்தது. ருசியாகத்தான் இருந்தது. அவள் தயவில் பாயசம் குடிக்கவேண்டி வந்ததே என்று எனக்கு ஆறவில்லை.

நாற்காலிக் கதை இதைவிட மோசம். ஆபீஸில் எல்லாருக்கும் தகர நாற்காலி. முதுகு வலிக்கிறது என்று அவள் மெத்தை நாற்காலி கேட்டாள். வந்தது ரெண்டு. ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தி, "உங்களுக்கும் சேர்த்துக் கேட்டேன் மேடம். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்" என்றாள். அந்தப் பழமொழி அவள் நாக்கிலேயே குடியிருந்தது. எதைக் கேட்டு வாங்கி வந்தாலும் அதைச் சொல்லுவாள். நான் ஆறு மாசம் அந்த நாற்காலியில் பைகளை வைத்தேன், உட்காரவில்லை.

தொழிலாளிகள் என்னை மேடம் என்பார்கள். அவளை ஒரு வாரத்தில் அக்கா ஆக்கிவிட்டார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. என் ஜன்னலுக்கு வருகிறவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "மேடம், ஒரு டவுட்" என்று ஆரம்பிப்பான். அவள் ஜன்னலில் ஆடு குட்டி போட்டதிலிருந்து மாமியார் சண்டை வரைக்கும் கொட்டுவார்கள். அவர்களாகச் சொன்னார்கள் என்று நினைக்கவேண்டாம். இவள் கேட்பாள். "ஏலே, கண்ணு ஏன் செவந்திருக்கு?" "ஏட்டி, புதுச் சேலையா, யாரு எடுத்துத் தந்தா?" எனக்கும் கண் உண்டு. சிவந்த கண்ணை நானும் பார்ப்பேன். நமக்கெதற்கு என்று பேசாமல் இருந்துவிடுவேன்.

அந்தப் பழமொழி எனக்கு ஏன் சுட்டது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் ஏழாம் மாசத்தில் பிறந்தாள். பிறந்தபோது அழவில்லை. அழுவதற்கு நுரையீரல் தயாராகவில்லை என்றார்கள். திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சொட்டுச் சொட்டாகப் பால் ஏற்றினார்கள். வாய் திறந்து மூடும், சத்தம் வராது. அப்போதெல்லாம் பிரசவ லீவே மூன்று மாசம்தான். பிள்ளை பெட்டிக்குள் கிடக்கும்போதே அது ஒவ்வொரு நாளாகக் கரைந்தது. அவளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்த பதினைந்தாம் நாள் நான் மில்லுக்கு வந்து உட்கார்ந்தேன். பால் கட்டி நெஞ்சு கல்லாகக் கிடக்கும். மத்தியானம் கழிப்பறைக்குப் போய்ப் பீய்ச்சிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்தவர்களின் சம்பளத்தைப் போடுவேன். ஏன் முகம் வீங்கியிருக்கிறது என்று ஒரு ஆளும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். வீடு வந்து சேராத பிள்ளையைப் பற்றி வெளியே வாய் திறக்க மாட்டார்கள். சீனி கொடுக்க மாட்டார்கள். பேர் வைக்க மாட்டார்கள். யாராவது கேட்டால், "ஊர்ல ஒரு சோலி" என்பார்கள். கண் பட்டுவிடும் என்று ஒரு பயம். பேர் வைத்துக் கூப்பிட்டுவிட்டால், ஒன்று கிடக்க ஒன்று ஆனால் மறக்க முடியாதே என்று அதைவிடப் பெரிய பயம். என் மகளுக்கு அடுத்த பெட்டியில் ஒரு பையன் கிடந்தான். அவன் வீட்டுக்குப் போகவில்லை. அவன் அம்மா இப்போது எதிரே வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

ஆகவே, "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு வாய்வரைக்கும் ஒன்று வரும். விழுங்கிக்கொள்வேன்.

அவள் வந்த மூன்றாம் வருஷம். நூல் சுற்றுகிற பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண் என் ஜன்னலுக்கு வந்தாள். குறைமாசப் பிரசவம். பிள்ளைக்குக் குடலில் ஆபரேஷன் வேறு. சட்டப்படி உள்ள ஆறு மாச லீவும், குறைமாசத்துக்கு என்று உள்ள கூடுதல் ஒரு மாசமும் பிள்ளை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததிலேயே தீர்ந்துவிட்டன. பிள்ளை நிரந்தரமாக வீட்டுக்கு வந்தது அதற்கு முந்தின வாரம்தான். இன்னும் கொஞ்ச நாள் சம்பளத்தோடு கிடைக்குமா என்று கேட்டாள்.

"ரூல் இல்லையேம்மா" என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன்.

பீரோவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "ஏட்டி, பிள்ளை இப்ப யார்கிட்ட இருக்கு?"

அவ்வளவுதான். என் ஜன்னலில் கல்லாக நின்றவள் அங்கே போய் உடைந்து அழுதாள். இவள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "இரு, கேட்டுட்டு வாரேன்" என்றாள். கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கிவருகிற மாதிரி மேனேஜர் அறைக்குப் போனாள். நான் உள்ளுக்குள் சிரித்தேன். இந்தத் தடவை மூக்குடைபடப் போகிறது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மேனேஜர் முதலாளியைக் கை காட்டினார். சனிக்கிழமை முதலாளி வந்தார். காரிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்திருந்தார், இவள் கார் கதவைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றாள். ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையை ஆட்டிப் பேசவில்லை. அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். மறு காலையும் கீழே வைத்தார். தலையை ஆட்டினார்.

திரும்பி வந்து, "தந்துட்டாரு மேடம்" என்றாள். "பிறந்த பிள்ளை ஆஸ்பத்திரில கெடக்கிற நாளெல்லாம் தனிக் கணக்கு. தாய்க்கு லீவு பிள்ளை வீட்டுக்கு வந்த பெறகுதான் ஓடணும். அப்பன்மாருக்கும் சம்பளத்தோட லீவு."

"அப்பாக்களுக்கு யார் கேட்டா?"

"நான்தான். கேக்கிறதுதான் கேக்கோம், ரெண்டு பேருக்கும் சேர்த்தே கேட்டுருவோமேன்னுதான்."

அந்தப் பெண்ணுக்கும் கிடைத்தது. மில்லே அவளைக் கொண்டாடியது. அன்றைக்கு நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நான் பால் பீய்ச்சிய அதே கழிப்பறை. சந்தோஷப்படவேண்டிய விஷயம் என்று எனக்குத் தெரியாதா? எனக்குப் பொறாமைதான் வந்தது. அந்தப் பெண் மேல், இவள் மேல், காரில் வந்த முதலாளி மேல்கூட.

கேட்டது அவள். செய்தது யார்? வாயால் சொன்னால் கம்ப்யூட்டருக்குப் புரியுமா? புது லீவுக்குத் தனிக் குறி போடவேண்டும். அந்த நாட்களை வராத நாளாக எடுத்து வருகை போனஸை வெட்டாதே என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். பிஎஃப் பிடித்தம் வழக்கம்போல ஓடவேண்டும். தாயின் பிரசவ லீவை நடுவில் நிறுத்தி, பிள்ளை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மறுபடி ஓட்டவேண்டும். முதல் சோதனையில் லீவில் இருப்பவளுக்கு ரெட்டைச் சம்பளம் வந்தது, அடுத்ததில் ஒன்றுமே வரவில்லை. சாப்ட்வேர்க்காரனோடு போனில் தொண்டை வற்றக் கத்தி, மூன்று வாரம் மல்லாடி அதை நான் ஓடவைத்தேன். வெளியே அதற்கு என்ன பேர் விழுந்தது தெரியுமா? அக்கா லீவு.

கடைசியில் மேனேஜரும் ஆடிட்டரும் உட்கார்ந்து நிபந்தனைகள் போட்டார்கள். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும், பிள்ளையின் பேர் கட்டாயம் எழுத வேண்டும். நான் அதைப் படித்துப் பார்த்தேன். ஒரு ஆள்கூட வரமாட்டான் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லாரிடமும் எல்லாம் கேட்கிறவள், என்னிடம் வந்து, "மேடம், இது சரியா வருமா?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. அப்படியே ஏற்றிவிட்டேன்.

நினைத்ததுதான் நடந்தது. மாசம் மாசம் சம்பளம் போடும்போது, அந்த முதல் பெண்ணுக்குப் பிறகு அந்தக் குறிக்கு நேரே ஒரு ஆளும் இல்லை. இவள் நோட்டீஸ் ஒட்டினாள், ஜன்னலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். "இவ்வளவு பேரு இருக்காவ, ஒருத்தருக்குமா குறைமாசத்துல பொறக்கல?" என்று என்னிடம் ஆச்சரியப்பட்டாள். இவளுக்குக் கேட்கத்தான் தெரியும். கேட்கமாட்டாதவர்களைப் பற்றி இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணிக்கொண்டேன். அந்த மாசங்களில் எனக்கு நல்ல பசி எடுத்தது.

அப்போதுதான் மாரிச்சாமி விஷயம் வந்தது. எட்டயபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் ஆடுகள் உண்டு. மிஷினில் வேலை பார்க்கிற கெட்டிக்காரப் பையன், அதுவரை லீவே போடாதவன். திடீரென்று ஒரு நாள் வந்தால் மூன்று நாள் வருவதில்லை. கேட்டால் ஆட்டுக்குச் சீக்கு என்பான். சொல்லாமல் கொள்ளாமல் தொடர்ந்து வராமல் இருந்தால் ஆளை நீக்கிவிடலாம் என்பது மில் விதி. மேஸ்திரி எழுதிக் கொடுத்துவிட்டார். மாசக் கணக்கு முடிக்கும்போது அவன் பேரை எடுத்துவிட வேண்டும். எடுக்கவேண்டியவள் நான்.

இவளும் அவனைப் பிடித்துக் கேட்டுப் பார்த்தாள். "ஏலே, உண்மையச் சொல்லு. குடிக்கியா?" அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆட்டுக்குத்தான்க்கா" என்றான். முதல் தடவையாக அவள் கேட்டது கிடைக்கவில்லை. எனக்கு வாய்க்குள் கல்கண்டு போட்ட மாதிரி இருந்தது.

சம்பளச் சீட்டில் பிடித்தம் ஏன் இவ்வளவு என்று கேட்க அவன் என் ஜன்னலுக்கு வந்தான். சீட்டை நீட்டிய கையைப் பார்த்தேன். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தான். மிஷின் எண்ணெய்க் கறுப்பு நகக்கண்ணில்கூட இல்லை. விரலிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் வெளிறி, வறண்டு, பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. முழங்கைக்கு மேலே வழக்கமான கறுத்த தோல். அந்தக் கோட்டை நான் மறக்கமுடியுமா? பச்சைப் பிள்ளைகள் கிடக்கிற வார்டுக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வார்கள். என் கையிலும் அதே கோடு ரெண்டு மாசம் இருந்தது.

"எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டேன். அடுத்தவர் விஷயத்தை நானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"ஆடு மேடம்..."

"ஆட்டுக்கு யாரும் முழங்கை வரைக்கும் கழுவ மாட்டாவ."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். இவள் அந்நேரம் கேண்டீனுக்குப் போயிருந்தாள்.

"திருநவேலி, மேடம்" என்றான். "பொம்பளப் பிள்ள. முக்கா கிலோவுல இருந்து ஒரு கிலோவுக்கு வந்திருக்கா. எம் பொண்டாட்டிக்கு ஆபரேஷன் பண்ணிருக்கு, உக்கார முடியல. பிள்ளைய நெஞ்சுல போட்டுக்கச் சொல்லுதாங்க. சூடு வேணுமாம். நான்தான் சட்டையக் கழத்திட்டுப் போட்டுக்கிடுதேன். நான் போகாத நாளைக்கு எடை ஏற மாட்டேங்கு."

"லீவு இருக்கே. நோட்டீஸ் பார்க்கலியா?"

"பார்த்தேன். பேரு எழுதணும்னு போட்டிருக்கு. இன்னும் பேரு வைக்கல மேடம். வீட்டுக்கு வார வரைக்கும் வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு எங்கம்மா சத்தியம் வாங்கிட்டாவ. உங்ககிட்டச் சொன்னதே தப்பு. யார்ட்டயும் சொல்லிராதீங்க."

"வேலை போயிரும்டா."

"தெரியும்" என்றான். அதற்குமேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் என் ஜாதிதான், கேட்காத ஜாதி.

நான் எழுந்து மேனேஜர் அறை வாசலுக்குப் போனேன். திரும்பி வந்து தண்ணீர் குடித்தேன். மறுபடி போனேன். அவள் இந்த இடத்தில் எப்படி ஆரம்பிப்பாள் என்று யோசித்தேன். அது எனக்கு வாய்க்கவில்லை. உள்ளே போய், நின்றபடியே, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னேன். பேர் கேட்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் தாய் பேரைப் போட்டு இன்னாருடைய குழந்தை என்று ஒரு சீட்டுக் கொடுப்பார்கள், அது போதும். முன்கூட்டி விண்ணப்பம் கேட்கக் கூடாது, எல்லாம் முடிந்து வந்து சீட்டைக் காட்டினால் பிடித்த சம்பளத்தைத் திருப்பிப் போடவேண்டும். பிள்ளை வீட்டுக்கு வந்தாலும் சரி, வராமல் போனாலும் சரி, இருந்த நாளுக்கு லீவு உண்டு. இப்படி ஒரு ஆள் இருக்கிறான், யாரென்று சொல்லமாட்டேன், இந்த மாசம் யாரையும் நீக்கக் கூடாது. சொல்லி முடித்தபோது முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "டைம் ஆபீஸ் அம்மா சொல்லி அனுப்பிச்சாங்களா?"

"இல்ல சார், நான்தான்..."

"சரி சரி. அவங்க கேட்டா நியாயமாத்தான் இருக்கும். மாத்திப் போட்டுருங்க. ஆடிட்டர்ட்ட நான் பேசிக்கிடுதேன்."

கேட்டது கிடைத்துவிட்டது. வெளியே வந்த எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வாய் திறந்து கேட்டேன், அதுவும் அவள் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது. அன்றைக்கே உட்கார்ந்து பேர்க் கட்டத்தைக் கட்டாயம் இல்லை என்று மாற்றினேன். மேஸ்திரி எழுதிக் கொடுத்ததை நிறுத்திவைத்தேன். மாரிச்சாமியிடம் மட்டும், "நீ போ, பிள்ளை வந்த பெறகு சீட்டைக் கொண்டா" என்றேன்.

அவன் வந்தது பங்குனி முடிகிற சமயம். முகத்தில் சவரம், கையில் சீனிச்சேவுப் பொட்டலங்கள். முதல் பொட்டலம் அவள் ஜன்னலுக்குத்தான் போனது.

"பிள்ளை வீட்டுக்கு வந்துட்டுக்கா. நேத்துப் பேரு வச்சோம். எங்கம்மா சொல்லிட்டா, அக்கா லீவு இல்லாட்டிப் பிள்ளை ஏதுன்னு. உங்க பேரத்தான் வச்சிருக்கோம்."

பீரோவுக்கு இந்தப் பக்கம் நான் கீ போர்டைத் தட்டிக்கொண்டே இருந்தேன். என்ன தட்டினேன் என்று தெரியாது. அந்தப் பக்கம் வழக்கமாக எழுகிற சத்தம் எழவில்லை. அவனும் அவளும் குரலைத் தாழ்த்தி ஏதோ பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் என்னிடம் வந்து ஒரு பொட்டலத்தை வைத்தான். "மேடம்" என்றான். ஆஸ்பத்திரிச் சீட்டையும் அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அவன் முழங்கைக் கோடு ஆறத் தொடங்கியிருந்தது.

மத்தியானம் அவள் தன் டிபன் பாக்ஸோடு பீரோவைச் சுற்றிக்கொண்டு வந்தாள். எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் மெத்தை நாற்காலியில் இருந்தேன், அது எப்போதோ பழகிவிட்டது.

"கையைப் பார்த்தே கண்டுபிடிச்சீங்களாமே" என்றாள்.

"ம்."

"நானும் அவன் கையைப் பார்த்தேன். குடிக்கானோன்னுதான் நெனச்சேன்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் என் கைகளையே பார்த்தாள்.

"உங்க மக எத்தன நாள் கெடந்தாக்கா?" என்றாள்.

மேடம் இல்லை, அக்கா. என் பிள்ளை பிறந்து பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. என் வீட்டுக்காரரோ, என் அம்மாவோ, கூடப் பிறந்தவர்களோ ஒருத்தரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நாளைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அழல" என்றேன். "பொறந்தப்ப அவ அழவே இல்ல. வாயைத் தொறப்பா, சத்தம் வராது. நீ அந்தப் பழமொழியச் சொல்லும்போதெல்லாம் உன்னை அறையணும்போல இருக்கும்."

பிறகு சொன்னேன். பெட்டி, குழாய், அடுத்த பெட்டிப் பையன், அவன் அம்மா காலிக் கையோடு மாடிப்படி இறங்கியது, கழிப்பறை எல்லாம். மூக்கு ஒழுக ஒழுகச் சொன்னேன். கையில் சோறு காய்ந்துபோனது. ஷிப்ட் மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை, குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. தன் ஜன்னலில் வந்து தட்டிய ஆளைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் முடித்ததும் கையை நீட்டி என் டிபன் பாக்ஸிலிருந்த மிதுக்க வத்தலை எடுத்து வாயில் போட்டாள். தாங்களேன் என்று கேட்கவில்லை. ரெண்டு என்கிற கணக்கும் இல்லை. இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாள்.

நான் டப்பாவை அவள் பக்கம் தள்ளிவைத்தேன். டிரைவரிடம் கேட்டாள், பந்தியில் கேட்டாள், கார் கதவைப் பிடித்துக்கொண்டு முதலாளியிடம் கேட்டாள். நடுவில் ஒரே ஒரு பீரோ இருக்கிற என்னிடம் இதைக் கேட்க அவளுக்கு நாலு வருஷம் ஆகியிருக்கிறது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.